எச்.பி. ஏறியிருக்கு, டார்க் இறங்கியிருக்கு: இந்த டைனோ ஷீட்டை எப்படிப் படிப்பது? (இன்டர்செப்டர் 650)

இரட்டைக்குழல் (கேள்வி)

வணக்கம். என் ராயல் என்ஃபீல்டு இன்டர்செப்டர் 650 பைக்கில் எஞ்சின் வேலை முடிந்து டைனோவும் (பின்சக்கரத்தை உருளையில் ஓட்டிப் பவரை அளக்கும் கருவி) ஓட்டியாகிவிட்டது. வேலைக்கு முன் ஒரு ஷீட், பின் ஒரு ஷீட். இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் குழப்பம்தான் மிஞ்சுகிறது. எச்.பி. 5.6 கூடியிருக்கிறது, ஆனால் டார்க் (சுழற்று விசை) குறைந்திருக்கிறது. இது நடக்கக்கூடியதா?

செய்த வேலை: ஹை-லிஃப்ட் கேம் (வால்வுகளை அதிகம் திறக்கும் தண்டு), சிலிண்டர் பிளாக்கின் மேல்முகத்தில் 0.8 மி.மீ. எடுத்து கம்ப்ரஷன் 9.5-இலிருந்து சுமார் 10.5, பாஃபிள் (உள்தடுப்பு) இல்லாத ஃப்ரீ-ஃப்ளோ சைலன்சர் இரண்டு, ஏர்பாக்ஸ் மூடி எடுத்துவிட்டு ஃபோம் ஃபில்டர், பெட்ரோலுக்கு பிக்கிபேக் பெட்டி (ஈ.சி.யூ. எனும் வண்டியின் கணினி சொல்லும் பெட்ரோல் அளவைக் கூட்டிக் குறைப்பது). இக்னிஷன் மேப்பை (ஸ்பார்க் எப்போது அடிக்க வேண்டும் என்ற அட்டவணை) தொடவில்லை. பெட்ரோல் சாதாரண பங்க் இ20 (20% எத்தனால் கலந்தது).

ஷீட் 1, ஸ்டாக் நிலையில் (கம்பெனியிலிருந்து வந்தபடி), பெங்களூரு: எஸ்.ஏ.இ. கரெக்‌ஷன், 27 டிகிரி, 910 மில்லிபார், ஈரப்பதம் 55%, ஃபேக்டர் 1.136 (அன்றைய காற்றை ஒரு நிலையான காற்றுக்கு மாற்ற, அளந்த எண்ணைப் பெருக்கும் எண்). உச்சம் 41.2 எச்.பி. @ 7200 ஆர்.பி.எம். (அங்கே டார்க் 40.7). டார்க் உச்சம் 45.5 என்.எம். @ 5200. 4000-இல் 43.8.

ஷீட் 2, வேலைக்குப் பின், சென்னை: எஸ்.டி.டி. கரெக்‌ஷன், 35 டிகிரி, 1005 மில்லிபார், ஈரப்பதம் 60%, ஃபேக்டர் 1.077, ஸ்மூத்திங் (கோட்டின் நெளிவுகளைச் சமமாக்கும் அளவு) 5. உச்சம் 46.8 எச்.பி. @ 7350 (அங்கே டார்க் 42.1). டார்க் உச்சம் 44.7 @ 5800. 4000-இல் 35.9 மட்டுமே, அந்த இடத்தில் கோடு பள்ளமாக இறங்கி 4700-க்கு மேல்தான் ஏறுகிறது.

ஏ.எஃப்.ஆர். (காற்று-பெட்ரோல் எடை விகிதம்): 4000-இல் 11.4, 5800-இல் 12.9, 7350-இல் 13.6. சைலன்சர் வாய்க்குள் குழாய் விட்டு எடுத்தது.

இரண்டுமே 4-ஆம் கியர், பின்சக்கர அளவு. வண்டி பெரும்பாலும் நெடுஞ்சாலையில்தான் ஓடும், டிராக்குக்குப் போகாது. எதை முதலில் சரிசெய்ய வேண்டும்?

---

பட்டறைப்பூனை

உச்ச டார்க் குறையவில்லை நண்பா. இரண்டாவது ஷீட்டில் இருக்கும் இரண்டு கோடுகளும் ஒரே கணக்கில் அச்சாகவில்லை, அவ்வளவுதான். கண்டுபிடிக்க கால்குலேட்டர் போதும்.

எந்த டைனோ ஷீட் கைக்கு வந்தாலும் முதல் வேலை இது: ஏதாவது ஒரு ஆர்.பி.எம்-இல் டார்க்கை எடுத்து, அந்த ஆர்.பி.எம்-ஆல் பெருக்கி, 7121-ஆல் வகுங்கள். டார்க் நியூட்டன் மீட்டரில் இருந்தால் எச்.பி. வரும். (ஷீட் பி.எஸ். கணக்கில் இருந்தால் 7023.) வரும் விடை அதே இடத்தில் அச்சாகியிருக்கும் எச்.பி-யோடு பொருந்த வேண்டும்.

ஷீட் 1: 40.7 × 7200 ÷ 7121 = 41.15. பொருந்துகிறது.
ஷீட் 2: 42.1 × 7350 ÷ 7121 = 43.45. ஷீட்டில் இருப்பது 46.8. பொருந்தவில்லை.

46.8-ஐ 43.45-ஆல் வகுத்தால் 1.077. அதாவது ஷீட்டிலேயே போட்டிருக்கும் கரெக்‌ஷன் ஃபேக்டர். எச்.பி. கோட்டுக்கு கரெக்‌ஷன் சேர்த்திருக்கிறார்கள். டார்க் கோடு அளந்தபடி அப்படியே வந்திருக்கிறது. மென்பொருளில் ஏதோ ஒரு டிக் விடுபட்டிருக்கும்.

ஒரு எச்சரிக்கை. இந்தப் பெருக்கல் பொருந்திவிட்டால் ஆர்.பி.எம். சரியாக இருக்கிறது என்று அர்த்தமில்லை. டைனோ நேரடியாக அளப்பது டிரம்மில் கிடைக்கும் பவரை. எஞ்சின் டார்க்கை அது அந்தப் பவரிலிருந்து, தனக்குக் கொடுக்கப்பட்ட ஆர்.பி.எம்-ஐ வைத்துத்தான் கணக்கிடுகிறது. ஆர்.பி.எம்-ஐ எண்ணும் பிக்கப் கிளிப் தப்பாக எண்ணினால் டார்க் தப்பாகும், பெருக்கல் மட்டும் அழகாகப் பொருந்தும். அதற்குத் தனிச் சோதனை: ஆர்.பி.எம்-ஐ கி.மீ. வேகத்தால் வகுத்தால் ரன் முழுக்க ஒரே எண் வர வேண்டும். மேலே போகப் போக எண் கூடினால் கிளட்ச் அல்லது டயர் ஸ்லிப்.

இனி இரண்டு ஷீட்டையும் ஒரே கரெக்‌ஷனுக்குக் கொண்டுவருவோம். எஸ்.டி.டி. என்பது 15.6 டிகிரி, 1013 மில்லிபார் காற்றைக் கற்பனை செய்கிறது. எஸ்.ஏ.இ. ஜே1349 கற்பனை செய்வது 25 டிகிரி, 990 மில்லிபார் உலர்காற்று. அதனால் ஒரே ரன்னுக்கு எஸ்.டி.டி. பொதுவாக 3 முதல் 4 சதவீதம் கூடுதலாகக் காட்டும். எண் பெரிதாகத் தெரிவதால் வாடிக்கையாளருக்கும் சந்தோஷம்.

எஸ்.ஏ.இ. ஃபேக்டர் = 1.18 × (990 ÷ உலர் அழுத்தம்) × √((வெப்பநிலை + 273) ÷ 298) − 0.18

சென்னை ரன்னுக்கு: 35 டிகிரியில் காற்று தாங்கக்கூடிய முழு ஈரத்தின் அழுத்தம் 56.2 மில்லிபார். அதில் 60% என்றால் 33.7. 1005-இல் இதைக் கழித்தால் உலர் அழுத்தம் 971.3. சமன்பாட்டில் போட்டால் ஃபேக்டர் 1.043.

அப்படியானால் ஷீட் 2 எஸ்.ஏ.இ. கணக்கில் இப்படி வரும்:
பவர் 43.45 × 1.043 = 45.3 எச்.பி.
டார்க் உச்சம் 44.7 × 1.043 = 46.6 என்.எம்.
4000-இல் 35.9 × 1.043 = 37.4 என்.எம்.

பவர் 41.2-இலிருந்து 45.3. உச்ச டார்க் 45.5-இலிருந்து 46.6. 4000-இல் மட்டும் 43.8-இலிருந்து 37.4.

இதிலும் பெங்களூரு ஷீட்டை அப்படியே நம்பக்கூடாது. 1.136 என்பது பெரிய பெருக்கல். டைனோ உண்மையில் அளந்தது 36.3 எச்.பி.; மீதி சமன்பாடு சேர்த்தது. அந்தச் சமன்பாடு எஞ்சினின் மெக்கானிக்கல் எஃபிஷியன்சி 85% என்று வைத்துக்கொண்டு போட்டது. கடல் மட்டத்துக்குப் பக்கத்தில் ஓட்டி 2, 3 சதவீதம் திருத்தும்போது அந்த அனுமானம் உறுத்தாது. 900 மீட்டர் உயரத்தில் உறுத்தும். அழுத்தம் 910 என்று போட்டிருப்பது பெங்களூருக்குச் சரியான எண்தான். சில இடங்களில் போன் ஆப் காட்டும் 1013-ஐ கையால் உள்ளிடுவார்கள். அது கடல் மட்டத்துக்கு மாற்றிய எண். அதைப் போட்டால் ஃபேக்டர் 1.000 ஆகி அதே வண்டி 36.3 எச்.பி. என்று அச்சாகும்.

இன்னொரு தப்பு வெப்பநிலை சென்சார் இருக்கும் இடம். எஞ்சினுக்குப் பக்கத்தில் தொங்கி 10 டிகிரி கூடுதலாகப் படித்தால் ஃபேக்டரில் சுமார் 2 சதவீதம் சும்மா ஏறிவிடும்.

ஆகவே 4.1 எச்.பி. லாபம் என்பதில் ஒன்றிரண்டு எச்.பி. இப்படியும் அப்படியும் போகலாம். இரண்டு வெவ்வேறு கடைத் தராசில் நிறுத்த சரக்கு இது. ஆனால் 4000-இல் 15% இழப்பு அளவைப் பிழைக்குள் அடங்காது. இந்த வண்டி 6-ஆம் கியரில் 100 கி.மீ. வேகத்தில் போகும்போது எஞ்சின் ஏறத்தாழ 4000-இல்தான் சுற்றும். லாரியை ஓவர்டேக் செய்ய ஆக்ஸிலேட்டரைத் திருகும் இடத்திலேயே பள்ளம். என் கணக்கில் சரிசெய்ய வேண்டியது அதுதான், உச்ச எச்.பி. இல்லை.

---

ஃபுல் த்ராட்டில்

இவ்வளவு கணக்கு எதுக்கு ப்ரோ? வீல்ல 46.8. 0.85-ஆல வகுத்தா கிராங்க்ல (எஞ்சின் தண்டுல) 55. கம்பெனி சொல்றது 47. எட்டு எச்.பி. லாபம், வண்டியை எடுத்துட்டு ஓட்டுங்க.

---

பட்டறைப்பூனை

அந்த 46.8-இல் எஸ்.டி.டி. கூட்டிக்கொடுத்த 3% ஏற்கெனவே இருக்கிறது. அதையும் சேர்த்து 0.85-ஆல் வகுத்தால் காற்றையும் எச்.பி-யாக எண்ணுகிறோம்.

தவிர, இழப்பு எப்போதும் 15% என்பதும் சரியில்லை. செயின், கியர்பாக்ஸ் ஆயில், டயர் டிரம்மில் நசுங்குவது ஆகியவற்றில் பெரும்பகுதி வேகத்தைப் பொறுத்தது, எஞ்சின் எவ்வளவு பவர் தருகிறது என்பதைப் பொறுத்து அவ்வளவாக மாறாது. ஸ்டாக்கில் 47-க்கும் 41.2-க்கும் இடையே சுமார் 6 எச்.பி. போயிருக்கிறது. எஞ்சின் பலமானாலும் அந்த 6 கொஞ்சம்தான் கூடும். கிராங்க் எண் வேண்டுமென்றால் 51, 52 என்று வைத்துக்கொள்ளலாம். எனக்குக் கேட்டால் வீல் எண்ணை வீல் எண்ணாகவே விட்டுவிடுவது நல்லது.

---

கோவை லாம்டா

ஏ.எஃப்.ஆர். பக்கத்தை யாரும் தொடலைங்க, நான் சொல்றேன். அதுக்கு முன்னாடி ஒரு கேள்விக்கு விடை தெரிஞ்சாகணும்: டைனோ மென்பொருள்ல எரிபொருள் எதுன்னு வெச்சிருந்தாங்க?

ஆக்ஸிஜன் சென்சார் அளக்கிறது லாம்டாவைத்தான் (இருக்கிற காற்று-பெட்ரோல் விகிதத்தை, முழுசா எரியத் தேவையான விகிதத்தால வகுத்த எண்). அதை 14.7-ஆல பெருக்கி பெட்ரோல் ஏ.எஃப்.ஆர்-னு திரையில காட்டுறாங்க. சுத்த பெட்ரோலுக்கு 14.7 சரி. இ20-க்கு முழு எரிதல் விகிதம் சுமார் 13.5. சில ட்யூனருங்க இ20-னு 13.5 மாத்தி வெச்சிருப்பாங்க. எது இருந்ததுங்கிறதைப் பொறுத்து உங்க ஷீட்டோட அர்த்தமே மாறிடும்:

14.7 ஸ்கேல்னா: 4000-இல் லாம்டா 0.78, 5800-இல் 0.88, 7350-இல் 0.93.
13.5 ஸ்கேல்னா: 4000-இல் 0.84, 5800-இல் 0.96, 7350-இல் 1.01.

முதலாவது சகிச்சுக்கலாம். இரண்டாவது உண்மைன்னா இந்த எஞ்சினை ஃபுல் த்ராட்டில்ல ஓட்டவே கூடாது. கம்ப்ரஷன் ஏத்தின ஏர்/ஆயில் கூல்டு எஞ்சின் 7000-க்கு மேல லாம்டா 1.0-இல் ஓடினா எக்ஸாஸ்ட் வால்வும் பிஸ்டன் மண்டையும் சூட்டுக்குத் தாங்காது. அதனாலதான் லாம்டாவுலயே பேசிப் பழகிக்கணும்ங்க. எந்த பங்க்ல எந்தக் கலவை வந்தாலும் 0.87-ங்கிறது 0.87-தான். ஃபுல் த்ராட்டிலுக்கு இந்த மாதிரி எஞ்சினுக்கு 0.86 முதல் 0.89 வரை இலக்கு வைக்கலாம்.

அடுத்தது, அளந்த விதம். சைலன்சர் வாயில குழாய் விட்டு எடுக்கிற அளவுல ரெண்டு கோளாறு உண்டு. பாஃபிள் இல்லாத குட்டைக் குழாய்ல, குறைஞ்ச ஆர்.பி.எம்-ல அலை திரும்பி வரும்போது வெளிக்காத்து உள்ளே வரும். சென்சார் அந்தக் காத்தையும் எண்ணி லீனாக் (பெட்ரோல் கம்மியா) காட்டும். உங்களுக்கு அப்படியிருந்தும் 4000-ல 11.4 வந்திருக்கு. உண்மை அதைவிட ரிச்சாகத்தான் (பெட்ரோல் அதிகமா) இருக்கும், லீனா இருக்க வழியில்லை. இரண்டாவது தாமதம். வாயு குழாயைக் கடந்து, பம்ப் இழுத்து, சென்சாருக்கு வர்றதுக்குள்ள எஞ்சின் சில நூறு ஆர்.பி.எம். மேல போயிடும். 4000-ல அச்சானது உண்மையில 3700-க்குரியதா இருக்கலாம்.

சரியான வழி: ரெண்டு ஹெட்டர் குழாய்லயும் தனித்தனியா எம்18 × 1.5 பங் (சென்சார் மாட்டுற மரை) வெல்டிங் பண்ணி அளக்கிறது. சென்சார் மூக்கு கீழ்நோக்கி, கிடைமட்டத்துல இருந்து குறைஞ்சது 10 டிகிரி சரிவா இருக்கணும். இல்லேன்னா தண்ணி கோத்து செராமிக் வெடிச்சிடும். ரெண்டு சிலிண்டர் எஞ்சின்ல ஒரு பக்கம் மட்டும் பார்த்தா அடுத்த பக்கம் லீனா ஓடுறது தெரியவே தெரியாது.

14.7 ஸ்கேல்னு வெச்சுக்கிட்டா மாத்த வேண்டிய அளவு: இருக்கிற லாம்டாவை வேண்டிய லாம்டாவால வகுக்கணும். 4000-ல 0.776 ÷ 0.87 = 0.89, அதாவது பெட்ரோல் 11% குறைக்கணும். 7350-ல 0.925 ÷ 0.87 = 1.06, அதாவது 6% கூட்டணும். பிக்கிபேக் மேப்ல 80%, 100% த்ராட்டில் கட்டங்கள்ல மட்டும் இதைச் செய்யுங்க. கீழ் கட்டங்களுக்கு இந்த ரன்ல எந்தத் தகவலும் இல்லை. குறைக்கிற பக்கம் கணக்குல வந்ததோட பாதியில ஆரம்பிங்க, திரும்ப அளந்துட்டு மீதி. இன்ஜெக்டர் திறக்கவே கொஞ்சம் நேரம் எடுக்கும், அதனால 10% குறைச்சா பெட்ரோல் சரியா 10% குறையாது. கூட்டுறதை முழுசாவே கூட்டிடுங்க, அந்தப் பக்கம் தப்பினா பரவாயில்லை.

---

இரட்டைக்குழல்

இருவருக்கும் நன்றி. டைனோ இடத்தில் கேட்டேன்: ஸ்கேல் 14.7. இடது சைலன்சரில் மட்டும்தான் அளந்திருக்கிறார்கள். ரன் ஃபைலில் வேகம் இருக்கிறது: 4000-இல் 78, 5800-இல் 113, 7350-இல் 143 கி.மீ. வகுத்தால் 51.3, 51.3, 51.4. ஸ்லிப் இல்லை என்று எடுத்துக்கொள்கிறேன். அதே இடத்தில் எடி கரன்ட் பிரேக் (டிரம்மை ஒரே வேகத்தில் பிடித்து வைப்பது) வசதியும் இருக்கிறதாம்.

4000-இல் பெட்ரோலை 0.87-க்குக் கொண்டுவந்தால் பள்ளம் மூடிவிடுமா?

---

டயல் கேஜ்

மூடாது. 0.78-இலிருந்து 0.87-க்கு வந்தால் டார்க் சுமார் 3% திரும்பும். 37.4 என்பது 38.5 ஆகும். உங்களுக்குத் தேவை 43.8. மீதி ஐந்து என்.எம். பெட்ரோலில் இல்லை, காற்றில் இருக்கிறது. அந்த இடத்தில் சிலிண்டர் நிரம்பவில்லை. ஆனால் பிக்கிபேக் பெட்டி ஸ்டாக் அளவுக்கு மேலும் பெட்ரோல் சேர்த்துக் கொடுத்துக்கொண்டிருக்கிறது. ரிச் ஆனதே அதனால்தான். ரிச்சாக இருப்பது அறிகுறி, நோய் வேறு.

உறுதிசெய்ய பிரேக் டைனோ இருப்பது வசதி. 4000-இல் டைனோ பிரேக்கைப் பூட்டி, ஃபுல் த்ராட்டில் கொடுத்து 5 வினாடி மட்டும் பிடிக்கச் சொல்லுங்கள். பெட்ரோலை 4% குறைத்து ஒரு முறை, 8% குறைத்து ஒரு முறை. டார்க் ஒரு என்.எம். அளவுக்கு ஏறி அப்படியே நின்றுவிட்டால் பெட்ரோல் விஷயம் அதோடு முடிந்தது. ஒவ்வொரு முறைக்கும் இடையே ஆயில் வெப்பநிலை ஒரே எண்ணுக்கு இறங்கும்வரை ஃபேன் ஓடட்டும். 90 டிகிரி என்று வைத்துக்கொண்டால் எல்லா ரன்னும் 90-இல் தொடங்க வேண்டும்.

இப்போது காற்றுக்கு வருவோம். டார்க் உச்சம் 5200-இலிருந்து 5800-க்கு நகர்ந்திருக்கிறது, கீழே இழந்து மேலே கிடைத்திருக்கிறது. பெரிய கேமுக்கு இது இயல்புதான், ஆனால் 0.8 மி.மீ. எடுத்தது என் கண்ணை உறுத்துகிறது. பிளாக் மேல்முகத்தில் எடுத்தால் ஹெட் கிராங்கை நோக்கி அதே அளவு இறங்கும். கேம் செயினின் இறுக்கமான பக்கம் நீளம் மாறாது, அதனால் கேம் பின்தங்கும். கேம் ஸ்ப்ராக்கெட்டின் பிட்ச் ஆரம் 34 மி.மீ. என்று வைத்துக் கணக்கிட்டால், 0.8 ÷ 34 = 0.0235 ரேடியன், கேமில் 1.35 டிகிரி, கிராங்கில் 2.7 டிகிரி. ஸ்ப்ராக்கெட் அளவை அளந்து நீங்களே போட்டுப் பாருங்கள். டைமிங் புள்ளியோடு புள்ளி சேர்த்துப் பூட்டியிருந்தால் கேம் சுமார் 3 டிகிரி ரிடார்டாக (பின்தங்கி) ஓடிக்கொண்டிருக்கிறது. ஏற்கெனவே நீண்ட நேரம் திறந்திருக்கும் கேம், இன்டேக் வால்வு இன்னும் தாமதமாக மூடுகிறது. 4000-இல் உள்ளே வந்த காற்றின் ஒரு பகுதி மேனிஃபோல்டுக்கே திரும்புகிறது.

இதை டிகிரி வீல், டயல் கேஜ் வைத்து அளக்க வேண்டும். இன்டேக் லோப் மையம் (வால்வு முழுக்கத் திறக்கும் கிராங்க் கோணம்) கேம் கார்டில் கொடுத்த எண்ணுக்கு வருகிறதா என்று பாருங்கள். வரவில்லை என்றால் நீள்துளை போட்ட ஸ்ப்ராக்கெட் வைத்து கேமை நகர்த்த வேண்டும். இந்த எஞ்சின் ஒற்றைக் கேம், அதனால் இன்டேக்கை மட்டும் தனியாக நகர்த்த முடியாது. எக்ஸாஸ்டும் சேர்ந்தே வரும். முன்னே நகர்த்தினால் இன்டேக் வால்வு பிஸ்டனை நெருங்கும். பிஸ்டன் மேல் களிமண் வைத்து இரண்டு சுற்று கையால் சுற்றி, வெட்டிப் பாருங்கள். இன்டேக் பக்கம் 1.5 மி.மீ., எக்ஸாஸ்ட் பக்கம் 2 மி.மீ. இருந்தால்தான் எனக்கு நிம்மதி. அதே நேரத்தில் ஸ்குவிஷ் இடைவெளியையும் (பிஸ்டன் உச்சியில் இருக்கும்போது அதற்கும் ஹெட்டுக்கும் இடையே மிஞ்சுவது) சால்டரிங் ஈயக் கம்பி வைத்து அளந்துவிடுங்கள். 0.8 எடுத்த பிறகு அங்கே எவ்வளவு மிஞ்சியது என்று யாராவது பார்த்தார்களா? 0.8 மி.மீ-க்குக் கீழே என்றால் 7500-இல் பிஸ்டன் ஹெட்டில் முத்திரை குத்தலாம்.

கேம் கவரைத் திறக்கும் முன் எளிய சோதனை ஒன்று. பாஃபிளைத் திரும்பப் போட்டு மூன்று ரன். பள்ளம் 4000-இலிருந்து வேறு ஆர்.பி.எம்-க்கு நகர்ந்தாலோ பாதி மூடினாலோ, சைலன்சரிலிருந்து திரும்பும் அலை அதில் பங்கு வகிக்கிறது. நகராமல் அங்கேயே இருந்தால் கேம். அதன்பின் ஏர்பாக்ஸ் மூடியைப் போட்டு மூன்று ரன். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். மூன்று ரன்னும் ஒன்றுக்கொன்று 1 சதவீதத்துக்குள் இல்லை என்றால் அந்தத் தொகுதியையே தள்ளிவிட்டு மறுபடி ஓட்டுங்கள். முதல் ரன்னிலிருந்து மூன்றாவதுக்கு எண் இறங்கிக்கொண்டே போனால் சூடு.

என் ஊகம்: பாஃபிள் பாதி தரும், கேம் அட்வான்ஸ் கொஞ்சம் தரும், பெட்ரோல் ஒரு என்.எம். தரும். முழு 43.8 திரும்பாது. அந்தக் கேமின் விலை அது.

---

கோவை லாம்டா

டயல் கேஜ் சொன்னதுக்கு மேல இக்னிஷன் ஒண்ணுங்க. ஸ்டாக் மேப் ஸ்டாக் கேமுக்கும் 9.5 கம்ப்ரஷனுக்கும் போட்டது. இப்ப 4000-ல சிலிண்டர் சரியா நிரம்பலை, தீ மெதுவாப் பரவும், அங்க கொஞ்சம் அட்வான்ஸ் (ஸ்பார்க்கை முன்கூட்டி அடிக்கிறது) கேக்கும். 5800-ல நல்லா நிரம்புது, கம்ப்ரஷனும் கூட. அங்க ஸ்டாக் அட்வான்ஸே அதிகமா இருக்கலாம். பெட்ரோல் மட்டும் மாத்துற பெட்டின்னா இதைச் சரிசெய்ய முடியாது, இக்னிஷனும் தொடுற பெட்டி வேணும்.

செய்முறை: பெட்ரோலை முதல்ல முடிச்சிருங்க. அப்புறம் ஒரு ஆர்.பி.எம்-ல பிடிச்சு ஒவ்வொரு டிகிரியா ஏத்துங்க. ஒரு டிகிரிக்கு டார்க் அரை சதவீதத்துக்கும் குறைவா ஏறுற இடம் வந்துட்டா நிறுத்தி, அங்கிருந்து 2 டிகிரி இறக்கி வெச்சிருங்க. அந்த இடத்துக்கு வர்றதுக்கு முன்னாடியே நாக்கிங் (கலவை தானா வெடிக்கிற சத்தம்) கேட்டா, கேட்ட இடத்திலிருந்து 3 டிகிரி இறக்குங்க. டைனோ சத்தத்துல வெறும் காதுக்குக் கேக்காது. ஹெட்டுல குழாய் இணைச்ச ஹெட்போன் வேணும். பிளக் பீங்கான்ல கருப்பு மிளகுத் தூள் மாதிரி புள்ளி, இல்லே பளபளன்னு அலுமினியத் துணுக்கு தெரிஞ்சா ஏற்கெனவே நாக்கிங் ஆயிருச்சுன்னு அர்த்தம்.

டைனோவுல ஒரு ஸ்வீப் (கீழ் ஆர்.பி.எம்-ல இருந்து மேல்வரை ஒரு ஓட்டம்) பத்து வினாடி ஓடும். ஏற்காடு மலைப்பாதையில பின்னாடி ஆளை வெச்சுக்கிட்டு மூணாவது கியர்ல ஏறும்போது எஞ்சின் நிமிஷக்கணக்குல சுமை தாங்கும். ஸ்வீப்ல நாக்கிங் வரலைங்கிறதை வெச்சு ரோட்டுலயும் வராதுன்னு முடிவு கட்டிடாதீங்க. அந்த 2 டிகிரி இதுக்குத்தான்.

---

இரட்டைக்குழல்

புரிந்தது. கடைசியாக இரண்டு சந்தேகம். 100 கி.மீ-இல் சும்மா போகும்போது 4000-இல் வண்டி லேசாக விட்டு விட்டு இழுக்கிறது. அதுவும் இந்தப் பள்ளம்தானா? அடுத்த முறை டைனோ இடத்தில் என்ன கேட்டு வாங்க வேண்டும்?

---

பட்டறைப்பூனை

அது வேறு. சும்மா போகும்போது த்ராட்டில் 15, 20 சதவீதம்தான் திறந்திருக்கும். உங்கள் கையிலுள்ள ஷீட் இரண்டும் 100% த்ராட்டில். அந்தப் பகுதியைப் பற்றி அவற்றில் ஒரு வரிகூட இல்லை.

அங்கே ஸ்டாக் ஈ.சி.யூ. ஆக்ஸிஜன் சென்சாரைப் பார்த்து லாம்டா 1-ஐச் சுற்றி ஓட்டிக்கொண்டிருக்கும். அதே கட்டங்களில் பிக்கிபேக் பெட்டியும் பெட்ரோல் சேர்த்தால், ஈ.சி.யூ. அதைக் கழிக்கும், பெட்டி மறுபடி சேர்க்கும். விட்டு விட்டு இழுப்பது பெரும்பாலும் இந்தச் சண்டைதான். முதலில் 30% த்ராட்டில் வரை, 4500-க்குக் கீழே உள்ள கட்டங்கள் எல்லாவற்றிலும் பூஜ்யம் போட்டு ஓட்டிப் பாருங்கள். நின்றுவிட்டால் விஷயம் முடிந்தது. நிற்கவில்லை என்றால் த்ராட்டில் பாடி சிங்க் (இரண்டும் ஒரே அளவு திறப்பது), இன்டேக் ரப்பரில் காற்றுக் கசிவு இரண்டையும் பாருங்கள். பெரிய கேமுக்கு ஓவர்லேப் (இன்டேக், எக்ஸாஸ்ட் வால்வுகள் சேர்ந்து திறந்திருக்கும் நேரம்) அதிகம். லேசான த்ராட்டிலில் சற்று முரண்டு பிடிப்பது இருக்கும், கொஞ்சத்தைச் சகித்துக்கொள்ளத்தான் வேண்டும்.

டைனோவில் கேட்க வேண்டியது: எஸ்.ஏ.இ. கரெக்‌ஷன், இரண்டு கோட்டுக்கும். ஸ்மூத்திங் 0 அல்லது 1. உங்கள் ஷீட்டில் 5 போட்டிருக்கிறார்கள், அதனால் உண்மைப் பள்ளம் அச்சானதைவிட ஆழமாகவும் குறுகலாகவும் இருக்கும். திருத்தாத கோடும் ஃபேக்டரும் தனியாக. லாம்டா கோடு, இரண்டு சிலிண்டருக்கும். ரன் 2500-இலிருந்து தொடங்கட்டும். 3500-இல் தொடங்கினால் பள்ளத்தின் இடது கரை தெரியாது. அச்சுக் காகிதம் முக்கியமில்லை, ரன் ஃபைலை பென் டிரைவில் வாங்கிக்கொள்ளுங்கள். பார்க்கும் மென்பொருள் பெரும்பாலும் இலவசம், கரெக்‌ஷனும் ஸ்மூத்திங்கும் வீட்டிலேயே மாற்றிப் பார்க்கலாம்.

அதே 4-ஆம் கியர், பின் டயரில் குளிர்ந்த நிலையில் அதே காற்று, அதே செயின் தளர்வு. ஸ்ட்ராப்பை இறுக்கும் அளவையும் கவனியுங்கள். பின்பக்கத்தை டிரம்மில் அழுத்தி இறுக்கினால் டயரிலேயே ஒரு எச்.பி. போய்விடும், அடுத்த தொகுதியில் தளர்த்தினால் அது "லாபமாக" வரும்.

இதெல்லாம் முடியும்வரை 6000-க்கு மேல் ஃபுல் த்ராட்டில் வேண்டாம். 7350-இல் அந்த 6% பெட்ரோலை இன்றைக்கே ஏற்றிவிடுங்கள், அதற்கு டைனோ வரை காத்திருக்க வேண்டியதில்லை. வலது சிலிண்டரை இன்னும் யாரும் அளக்கவில்லை.